பலர் எழுதும் கையேட்டில் ஒரே நடை: ஐந்து வழிகளில் உங்களுக்கு எது?

கடைகளுக்கான ஒரு பில் மென்பொருளுக்குத் தமிழில் பயனர் கையேடு எழுதும் குழுவில் நான் சேர்ந்தபோது ஆறு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்த மாதமே ஒரு கடைக்காரர் அழைத்தார். "புத்தகத்துல 'பாதுகாக்கவும்' பட்டனை அழுத்தச் சொல்லியிருக்கு. என் ஸ்கிரீன்ல அப்படி ஒண்ணு இல்லையே சார், நான் எதை அழுத்துறது?" திரையில் இருந்த சொல் 'சேமி'. மூன்றாம் அத்தியாயத்தை எழுதியவர் 'சேமி' என்றே எழுதியிருந்தார். ஐந்தாம் அத்தியாயத்தில் அது 'பாதுகாக்கவும்'. ஏழாம் அத்தியாயத்தில் 'சேவ் செய்யவும்'. மூவருமே நன்றாக எழுதுகிறவர்கள். தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சொல்லிலும் பிழை இல்லை. ஆனாலும் அந்த மனிதர் அன்று காலை அடித்த பில்களைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, எதைத் தொட்டால் எது போய்விடுமோ என்று உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு இதே சிக்கலோடு பல குழுக்கள் என்னிடம் பேசியிருக்கின்றன. கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: பெரிய நிறுவனங்களின் நடைக் கையேட்டை (எப்படி எழுத வேண்டும் என்ற விதிகளின் தொகுப்பை) அப்படியே எடுத்துக்கொள்வதா, நாமே ஒன்று எழுதுவதா, ஒருவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் திருத்தச் சொல்வதா, அல்லது கருவியிடம் விட்டுவிடுவதா? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. ஆனால் எதை வைத்து எடைபோட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், உங்கள் ஆவணங்களில் எந்த வகைப் பிசகு இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் நான்கு வகை.

பெயர்ப் பிசகு: ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர்கள். மேலே சொன்ன 'சேமி' கதை இதுதான்.

ஏவல் பிசகு: ஒருவர் 'அழுத்தவும்' என்கிறார், இன்னொருவர் 'அழுத்துக', மூன்றாமவர் 'அழுத்துங்கள்'.

எழுத்துப் பிசகு: ஒற்று மிகுவது, சொல்லைச் சேர்ப்பது பிரிப்பது, கிரந்த எழுத்து, ஒலிபெயர்ப்பு.

தொனிப் பிசகு: ஒரு அத்தியாயம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தருவது போல இருக்கும், அடுத்தது அரசாணை போல இருக்கும்.

இவற்றுக்குள் வரிசை உண்டு. பெயர்ப் பிசகுதான் வாசகரை உண்மையில் தடுக்கிறது. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து யாரும் படிப்பதில்லை. சிக்கல் வந்ததும் ஒரு சொல்லைத் தேடுகிறார்கள். அந்தச் சொல் அங்கே இல்லையென்றால், அவர்களைப் பொறுத்தவரை பதிலும் இல்லை. ஒற்று மிகாதது கண்ணை உறுத்தும், வேலையை நிறுத்தாது. பல குழுக்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்து, ஒற்றில் மூன்று மாதம் செலவழித்துவிட்டுச் சொற்பட்டியலைத் தொடாமலே விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980களில் உருவான 'எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம்' இந்த வரிசையைச் சரியாகப் பிடித்தது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பதுதான் அதன் அடிப்படை. அதில் 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும். விதிக்குக் கட்டுப்படுவதற்கு 'ஓபே' என்றுதான் எழுத வேண்டும். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது என்பது அதற்கு அப்புறம் வருகிற விதி.

அடுத்து நான் பார்ப்பவை: தொடங்க ஆகும் நேரம், தொடர்ந்து நடத்த ஆகும் நேரம், புதிதாக வருபவர் எத்தனை நாளில் பிடித்துக்கொள்வார், ஒருவர் வேலையை விட்டுப் போனால் முறை நிற்குமா, தமிழுக்கு ஒத்துவருமா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

## வழி 1: ஆயத்தமாக இருக்கும் நடைக் கையேடு

கூகுள் தன் மென்பொருள் ஆவணங்களுக்கான நடைக் கையேட்டை 2017ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. மைக்ரோசாப்டின் கையேடு 1995ல் அச்சுப் புத்தகமாக வந்தது. 2018ல் புது வடிவில் இணையத்துக்கு மாறியது. இரண்டும் இலவசம், இரண்டும் நல்ல உழைப்பு. ஆங்கிலத்தில் ஆவணம் எழுதும் குழுவாக இருந்தால் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், யோசிக்கவே வேண்டாம். சண்டை வரும் நூறு இடங்களில் தொண்ணூறுக்கு அங்கே பதில் இருக்கிறது. 'நான் சொல்கிறேன்' என்பதைவிட 'கையேட்டில் இருக்கிறது' என்பது மனம் நோகாமல் பேச்சை முடித்துவைக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மறைசெலவு பெரிது. ஆங்கிலப் பெரிய எழுத்து எங்கே, 'எ', 'தி' போன்ற சுட்டிடைச்சொல் எங்கே, பட்டியலின் கடைசிக் காற்புள்ளி வேண்டுமா என்று பக்கம் பக்கமாகப் பேசும் கையேடு, நமக்கு வேண்டியதைப் பேசுவதில்லை. 'எக்செலில்' என்று எழுதுவதா 'எக்செல்-இல்' என்றா? 'பதிவிறக்கம் செய்' என்பதா 'பதிவிறக்கு' என்பதா? இதற்கு அங்கே பதில் கிடையாது. மைக்ரோசாப்ட் தமிழுக்கென்று தனி உள்ளூராக்க (மென்பொருளை அந்தந்த மொழிக்கு மாற்றுவதற்கான) நடைக் கையேடும் தருகிறது. அது உதவும். ஆனால் அது அவர்கள் திரைகளுக்காக எழுதியது; உங்கள் திரையில் வேறு சொல் இருந்தால் அது உங்களைக் காப்பாற்றாது.

கூகுள் கையேட்டிலேயே ஒரு நல்ல அறிவுரை இருக்கிறது: முதலில் உங்கள் திட்டத்தின் சொந்த விதி, அதில் இல்லையென்றால் இந்தக் கையேடு, இதிலும் இல்லையென்றால் வெளி நூல்கள். ஆயத்தக் கையேட்டை இரண்டாம் இடத்தில் வையுங்கள் என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள்.

யாருக்கு நல்லது: ஆங்கில ஆவணம் எழுதும் குழு; முன்பின் தெரியாதவர்கள் பங்களிக்கும் திறந்தமூலத் திட்டம்; பத்துப் பேருக்கு மேல் எழுதும் இடம்.

## வழி 2: சொந்தமாக ஒரு பக்கம், கூடவே ஒரு சொற்பட்டியல்

தமிழ்க் குழுக்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பக்கம் என்றால் ஒரே பக்கம். நாற்பது பக்கம் எழுதினால் எழுதியவர் மட்டும்தான் படிப்பார். எங்கள் பக்கத்தில் இருந்தவை: ஏவல் வடிவம், வாசகரை அழைக்கும் முறை, ஒற்று மிகும் நான்கு இடங்கள், எண் எழுதும் முறை, வேற்றுமொழிச் சொல்லில் வேற்றுமை உருபு சேர்க்கும் முறை. அவ்வளவுதான்.

ஏவல் வடிவத்தை எப்படி முடிவு செய்தோம் என்று சொன்னால், இந்தப் பக்கத்தை எழுதும் முறை விளங்கும். ஆறு பேரில் நான்கு பேர் 'அழுத்தவும், திறக்கவும்' பக்கம் நின்றார்கள். பழகிய வடிவம், எல்லாப் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. அப்போது குழுவில் இளையவர் ஒருவர் இந்த வரியைக் காட்டினார்: 'பட்டியலைத் திறக்கவும் புதிய பெயரைச் சேர்க்கவும் மேலே உள்ள பொத்தான் உதவும்.' முதல் இரண்டு சொல்லைப் படித்ததும் வாசகர் பட்டியலைத் திறக்கப் போய்விடுவார். கட்டளை இல்லை என்பது வரியின் கடைசியில்தான் தெரியும். '-உம்' நம் மொழியில் கட்டளைக்கும் வரும், 'இதற்கும் அதற்கும்' என்று அடுக்குவதற்கும் வரும். 'திறவுங்கள், சேருங்கள்' என்று எழுதிப் பார்த்தோம். 'சேருங்கள்' பொருளே மாறிவிட்டது, 'சேர்த்திடுங்கள்' செயற்கையாக இருந்தது. கடைசியில் 'திறந்துகொள்ளுங்கள்', 'சேர்த்துவிடுங்கள்' போன்ற நீட்டல் எதுவும் இல்லாமல் 'அழுத்துங்கள், திறவுங்கள், எழுதுங்கள்' என்றும், சேர்க்கச் சொல்லும் இடத்தில் '"சேர்" பொத்தானை அழுத்துங்கள்' என்றும் முடிவானது. அந்த வாதத்துக்குப் போன ஒன்றரை மணி நேரம் வீணில்லை. ஏன் இந்த விதி என்று அன்று ஆறு பேருக்கும் தெரிந்துவிட்டது.

ஒற்றுக்கு நான்கு இடம் மட்டும் எடுத்தோம்: 'ஐ' உருபுக்குப் பின், 'கு' உருபுக்குப் பின், 'ஆக'வுக்குப் பின், 'அந்த, இந்த, எந்த'வுக்குப் பின். மற்ற இடங்களில் யார் எப்படி எழுதினாலும் திருத்தக் கூடாது என்பதும் விதி. முழு இலக்கணத்தையும் நடைமுறைப்படுத்தும் ஆசை எங்களுக்கும் இருந்தது. ஆனால் நான்கு இடத்தை எல்லோரும் சரியாகச் செய்வது, நாற்பது இடத்தை இரண்டு பேர் மட்டும் சரியாகச் செய்வதைவிட நல்லது.

இனி சொற்பட்டியல். ஏற்கும் சொல்லுக்குப் பக்கத்திலேயே தள்ளிய சொற்களையும் எழுத வேண்டும். 'சர்வர்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'சேவையகம், வழங்கி வேண்டாம்' என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். அப்போதுதான் 'வழங்கி' என்று பழகியவர் தேடும்போது அந்த வரிக்கு வந்து சேர்வார். எந்தச் சொல்லை ஏற்பது என்பதில் நாங்கள் வைத்த படிவரிசை: திரையில் உள்ள சொல் எப்போதும் முதல். திரையில் இல்லாத கருத்துக்கு, உதவி கேட்டு அழைப்பவர்கள் வாயில் வரும் சொல். அதுவும் இல்லாவிட்டால் தமிழ்நாடு அரசின் 'சொற்குவை' போன்ற கலைச்சொல் தொகுப்புகளில் உள்ள சொல்.

இலங்கை வாசகர்களும் இருந்தால் இன்னொரு அடுக்கு சேரும். தமிழ்நாட்டில் 'இன்டர்நெட்' என்று எழுதுவதை யாழ்ப்பாணத்தில் 'இன்ரநெற்' என்று எழுதுவார்கள். இரண்டும் அவரவர் ஒலிபெயர்ப்பு மரபில் சரி. தேடல் பெட்டிக்கு இரண்டும் வேறு வேறு சொல். இத்தகைய இடங்களில் 'இணையம்' போன்ற பொதுச்சொல் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் பட்டியலில் இரண்டையும் எழுதி, மாற்று வடிவத்தைத் தேடல் குறிச்சொல்லாகவும் எழுதுங்கள்.

மறைசெலவு: வாக்குவாதம். 'சர்வரா வழங்கியா' என்பது சொல்லைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல, தனித்தமிழில் யாருக்கு எவ்வளவு பற்று என்பதும் அதற்குள் இருக்கிறது. அதை மதித்துத்தான் பேச வேண்டும். ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் என்று எல்லை வையுங்கள். இரண்டு நாளில் முடியாவிட்டால், உதவி கேட்டு வரும் அழைப்புகளை எடுக்கும் உதவி மேசையில் இருப்பவர் சொல்வது இறுதி. இன்னொரு செலவு: பட்டியலை யாராவது புதுப்பிக்க வேண்டும். மென்பொருளில் ஒரு பொத்தானின் பெயர் மாறிய அன்று பட்டியலும் மாறாவிட்டால், அது உதவுவதை நிறுத்திவிட்டுக் கெடுக்கத் தொடங்கும்.

யாருக்கு நல்லது: மூன்று முதல் பத்துப் பேர் வரை எழுதும் எந்தத் தமிழ்க் குழுவுக்கும்.

## வழி 3: ஒரே பதிப்பாசிரியர்

எல்லாப் பக்கமும் ஒருவர் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். தொனிப் பிசகைச் சரிசெய்ய இதைவிட நல்ல வழி கிடையாது. 'இந்த அமைப்பானது பயனரால் தேர்வு செய்யப்படக்கூடியதாகும்' என்ற வரியில் இலக்கணப் பிழை இல்லை, தடைசெய்த சொல் இல்லை. எந்தக் கருவியும் அதைத் தொடாது. நல்ல பதிப்பாசிரியர் 'இதை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

மறைசெலவு மூன்று. அவர் விடுப்பில் போனால் வெளியீடு நிற்கும். அவர் மனதில் இருக்கும் விதிகள் எங்கும் எழுதப்படாமல், அவர் போகும்போது கூடவே போய்விடும். 'எப்படியும் அவர் திருத்திவிடுவார்' என்று மற்றவர்கள் கவனத்தைக் குறைத்துக்கொள்வார்கள். மூன்றாவதுதான் மெதுவாக வந்து அதிகம் கெடுப்பது.

இதற்கு நாங்கள் கண்ட மருந்து: ஒரே திருத்தத்தை மூன்றாம் முறை செய்யும்போது, பதிப்பாசிரியர் அதை அந்த ஒரு பக்கத்தில் விதியாக எழுதியாக வேண்டும்.

யாருக்கு நல்லது: இரண்டு மூன்று பேர் எழுதும் இடம், அச்சுக்குப் போகும் கையேடு, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து எழுதும் வேலை.

## வழி 4: நடை சரிபார்க்கும் கருவி

'வேல்' என்ற இலவசத் திறந்தமூலக் கருவி இப்போது பரவலாக இருக்கிறது. மென்பொருள் நிரல்களை வைத்து நிர்வகிக்கும் தளமான கிட்லேப் தன் ஆவணங்களுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறது. விதிகளை 'யாம்ல்' என்ற எளிய உரைக் கோப்புகளில் எழுதி வைத்தால், ஒவ்வொரு முறை ஆவணத்தைச் சேர்க்கும்போதும் கருவி படித்துப் பார்த்து, பரிந்துரை, எச்சரிக்கை, பிழை என்று மூன்று தரத்தில் சொல்லும். அதற்குச் சலிப்பு வராது, யார் முகத்தையும் பார்க்காது. ஆங்கில ஆவணத்துக்கு மிகவும் பொருத்தமானது.

தமிழுக்கு வரும்போது அடித்தளத்திலேயே இடிக்கும். ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பல நிரல் தொகுப்புகள் தமிழில் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை. பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும் வழக்கமான தேடல் தொகுப்பில் 'கோப்பு' என்பதைக் கொடுத்து, இதில் உள்ள சொற்களை எடு என்றால் 'க', 'ப', 'ப' என்று மூன்று துண்டாகத் தரும். உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாக எண்ணுவதில்லை. அதனால் எந்தக் கருவியை எடுத்தாலும், முதல் வேலையாகப் பத்துத் தமிழ்ச் சொற்களை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

அதைச் சமாளித்தாலும் உருபுகள் இருக்கின்றன. 'ஃபைல்' கூடாது, 'கோப்பு' எழுது என்று விதி போட்டால் 'ஃபைலை, ஃபைலில், ஃபைலிலிருந்து, ஃபைல்களுக்கு' எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். சொல்லின் முன்பாதியை மட்டும் தேடினால் வேறு சொற்களும் மாட்டும்: 'கோப்பு' என்று தேடினால் 'கோப்புறை'யும் வரும். அடுத்தடுத்து ஒரே சொல் வந்தால் பிழை என்ற விதி ஆங்கிலத்தில் பொன்னானது. தமிழில் 'சிறு சிறு', 'மெல்ல மெல்ல' எல்லாம் அதில் சிக்கும்.

கருவி நமக்கு உண்மையில் உதவும் இடமும் உண்டு. கண்ணுக்கே தெரியாத பிசகுகள் அவை. 'கொ' என்பதை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்காமல் போகலாம். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் இருப்பதும் அப்படித்தான். இவற்றை மனிதரிடம் விடாதீர்கள். தமிழ்க் கருவிகள் உருவாக்கும் நீச்சல்காரன் என்பவர் தந்த, எழுத்துப்பிழைக்கான 'வாணி'யும் சந்திக்கான 'நாவி'யும் இருக்கின்றன. வெளியிடுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

மறைசெலவு: பொய் எச்சரிக்கை. ஒரு பக்கத்துக்கு முப்பது மஞ்சள் கோடு வந்தால், இரண்டாவது வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். நூற்றுக்கு நூறு உறுதியான விதியை மட்டும் 'பிழை' தரத்தில் வையுங்கள்.

யாருக்கு நல்லது: ஆங்கில ஆவணக் குழுக்கள், நிரலோடு சேர்த்தே ஆவணத்தை வைத்திருப்பவர்கள், சொற்பட்டியல் ஏற்கெனவே நிலைபெற்ற தமிழ்க் குழுக்கள். பட்டியல் இல்லாமல் கருவியை நிறுவாதீர்கள். அது எதைப் பிடிக்கும்?

## வழி 5: செயற்கை நுண்ணறிவிடம் ஒரே நடையாக்கச் சொல்வது

இப்போது எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். முழு அத்தியாயத்தையும் கொடுத்து 'ஒரே நடையில் எழுதித் தா' என்பது ஆபத்து. வரிகள் வழுவழுப்பாகும், நடுவில் ஒரு பொத்தானின் பெயர் மாறியிருக்கும், ஒரு நிபந்தனை விழுந்திருக்கும். திரும்ப முழுவதையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும் என்றால் மிச்சமான நேரம் எங்கே? சொற்பட்டியலைக் கொடுத்து, 'இதற்கு மாறாக உள்ள இடங்களைப் பட்டியலிடு, எதையும் திருத்தாதே' என்று கேளுங்கள். அந்த வேலைக்கு, உருபு சேர்ந்த வடிவங்களையும் அடையாளம் காண்பதால், நல்ல துணை.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகப் பிடிப்பது | விட்டுவிடுவது | தொடங்க | மறைசெலவு |
|---|---|---|---|---|
| ஆயத்தக் கையேடு | ஆங்கில எழுத்து, அமைப்பு | தமிழின் ஏவல், ஒற்று, உருபு | உடனே | யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள் |
| சொந்தப் பக்கம், சொற்பட்டியல் | பெயர், ஏவல் | தொனி | இரண்டு மூன்று வாரம் | வாக்குவாதம், புதுப்பித்தல் |
| ஒரே பதிப்பாசிரியர் | தொனி, மற்றவையும் ஓரளவு | கண்ணுக்குத் தெரியாத குறியீட்டுப் பிசகு | ஆள் கிடைத்தால் உடனே | ஆள் போனால் எல்லாம் போகும் |
| கருவி | குறியீடு, தடைசெய்த சொல் | தொனி, உருபு சேர்ந்த வடிவம் | தமிழுக்கு ஒரு மாதமாவது | பொய் எச்சரிக்கை |
| செயற்கை நுண்ணறிவு | பட்டியலுக்கு மாறான இடங்கள் | தானே நுழைக்கும் பிழை | உடனே | திரும்ப முழுதும் படிப்பது |

## எந்தச் சூழலுக்கு எது

நீங்கள் இரண்டு பேர் என்றால் பதிப்பாசிரியர் முறையே போதும்: ஒருவர் எழுதுவதை மற்றவர் படியுங்கள். நான்கைந்து பேரைத் தாண்டியதும் ஒரு பக்கமும் சொற்பட்டியலும் கட்டாயம். பதிப்பாசிரியர் பொறுப்பைக் காலாண்டுக்கு ஒருவராகச் சுற்றில் விடுங்கள். எல்லோருக்கும் விதி மனதில் பதியும். பத்துப் பேரைத் தாண்டினாலோ, வெளியாட்கள் எழுதினாலோ கருவியைச் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது. அச்சுக் கையேடாக இருந்தால் ஆட்கள் எத்தனை பேர் என்றாலும் பதிப்பாசிரியரை விடாதீர்கள். அச்சானதைத் திரும்ப அழைக்க முடியாது.

பழைய ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, எல்லாவற்றையும் திருத்தி முடித்துவிட்டுத்தான் புதியதைத் தொடுவோம் என்று சிலர் உட்காருவார்கள். அது நடக்காது. இன்று முதல் தொடும் பக்கம் மட்டும் புது விதிக்கு மாறட்டும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: திரையில் உள்ள பெயர்கள். அவற்றை எல்லாப் பக்கத்திலும் உடனே மாற்றுங்கள்.

எங்கள் குழு அப்படித்தான் தொடங்கியது. ஒரு திங்கள்கிழமை காலை மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு திரையிலும் உள்ள பொத்தான், மெனு, தலைப்பு எல்லாவற்றையும் எழுத்து மாறாமல் ஒரு விரிதாளில் இறக்கினோம். இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த விரிதாளின் முதல் வரி இன்னும் அப்படியே இருக்கிறது: 'சேமி. பாதுகாக்கவும், சேவ், பதிவுசெய் வேண்டாம்.'